பழைய எலும்புக்கூட்டில் நோயைக் கண்டறிவது எப்படி

நோய் தாக்கும்போது எலும்பால் செய்ய முடிந்தவை இரண்டே: புதிதாக வளர்வது, இருப்பதைக் கரைப்பது. காசநோய், புற்றுநோய், அடிபட்ட காயம், வைட்டமின் குறைபாடு எதுவானாலும் இந்த இரண்டின் ஏதோ ஒரு கலவையாகத்தான் எலும்பில் பதிவாகிறது. எனவே ஒற்றைக் குழியையோ ஒற்றைப் புடைப்பையோ பார்த்து நோயின் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் தவறிவிடும். எந்தெந்த எலும்பில், எந்தப் பக்கத்தில், எந்த வகை மாற்றம் இருக்கிறது என்று உடல் முழுக்கத் தேடிச் சேர்க்கும் பரவல்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும். தொல்நோயியலின் அடிப்படை இதுதான்.

இந்தத் துறையின் புகழ்பெற்ற தவறுகள் எல்லாம் அவசரத்தில் பெயர் வைத்ததால் வந்தவை. 1774இல் எஸ்பர் என்ற ஜெர்மானியர் ஒரு குகைக்கரடியின் தொடை எலும்பில் இருந்த வீக்கத்தை எலும்புப் புற்று என்று எழுதினார். அது முறிந்து கூடிய எலும்பின் முடிச்சு என்பது பிறகு தெளிவானது. நோய்க்கூறியலின் தந்தை எனப் போற்றப்படும் ருடால்ஃப் விர்ச்சோவே அழிந்துபோன மனித வகையான நியாண்டர்தாலின் எலும்புகளைப் பார்த்து, வைட்டமின் டி குறைவால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் வந்த நவீன மனிதனுடையவை என்று 1872இல் சொன்னார். இருவரும் கண்ணால் கண்டது சரிதான். கண்டதிலிருந்து பெயருக்குத் தாவிய இடத்தில்தான் சறுக்கினார்கள்.

குழியிலேயே தொடங்கும் வேலை

நோய்க்கான தடயங்களில் ஒரு பகுதி எலும்பிலேயே இருக்காது. சிறுநீரகக் கல், பித்தக்கல், சுண்ணாம்பேறிய நிணநீர் முடிச்சு, நாடாப்புழுக் கட்டியின் ஓடு ஆகியவை வயிறு, மார்புப் பகுதி மண்ணில் சிறு கூழாங்கல் போலக் கிடக்கும். தோண்டுபவர் கல் என்று எறிந்துவிட்டால் தீர்ந்தது. எனவே விலாக்கூட்டுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள மண்ணைத் தனியாக எடுத்து நுண்சல்லடையில் சலிக்க வேண்டும். கைகால் விரல் எலும்புகளுக்கும் இதே சல்லடை தேவை. தொழுநோயின் தடயம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும், அவைதான் முதலில் தொலைந்தும் போகும்.

இடுப்பெலும்பின் உட்குழியில் உள்ள மண்ணில் குடற்புழு முட்டைகள் பிழைத்திருக்கும். அங்கிருந்து ஒரு மாதிரி எடுக்கும்போது தலைப்பக்கத்திலிருந்தும் கால்பக்கத்திலிருந்தும் ஒப்பீட்டுக்காக ஒவ்வொன்று எடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு முட்டை இருந்தால் அது மண்ணில் ஏற்கெனவே இருந்த கலப்படம். இடுப்பில் மட்டும் மிகுந்திருந்தால்தான் அது அந்த மனிதருடையது.

சுத்தம் செய்தலும் அடுக்குதலும்

எலும்பை வெயிலில் காயவைக்காதீர்கள். புறணி எனப்படும் கெட்டியான வெளி அடுக்கு விரிந்து உரிந்துவிடும். நிழலில் மெல்ல உலரட்டும். மென்மையான தூரிகையும் கூர்மழுங்கிய மூங்கில் குச்சியும் போதும், உலோகக் கருவி வேண்டாம். உறுதியான எலும்பைச் சிறிது நீரில் கழுவலாம். ஆனால் மேற்பரப்பில் மெல்லிய புது எலும்பு படிந்திருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் நீர் படக்கூடாது. அந்தப் படலம் பல சமயம் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, தூரிகை பட்டாலே போய்விடும். விலா எலும்புகளின் உட்பக்கம், கண்குழியின் கூரை, மண்டையோட்டின் உட்பரப்பு ஆகிய மூன்றையும் உருப்பெருக்கியில் பார்த்த பிறகே சுத்தம் செய்யுங்கள். பல்லில் ஒட்டியிருக்கும் பற்காரையைச் சுரண்டிவிடாதீர்கள். வாய்க்கிருமிகளின் மரபணு அதற்குள் பூட்டியிருக்கிறது. பசையும் வார்னிஷும் பூசுவது பின்னால் வரும் வேதிச் சோதனைகளைக் கெடுக்கும்.

பிறகு எலும்புகளை மேசையில் உடலின் வரிசைப்படி அடுக்கி இருப்புக் கணக்கு எழுதுங்கள். பெரியவருக்கு 206 எலும்புகள். எது இருக்கிறது, எது இல்லை, இருப்பதில் எவ்வளவு பகுதி, பரப்பின் நிலை என்ன என்பதெல்லாம் வேண்டும். நீண்ட எலும்பை ஐந்தாகப் பிரிப்பது வழக்கம்: மேல் மூட்டுமுனை, தண்டின் மேல், நடு, கீழ்ப் பகுதிகள், கீழ் மூட்டுமுனை. ஒரு பகுதியில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால்தான் அதை இருப்பதாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை இது. ஆனால் இதைத் தவிர்த்தவர்களின் முடிவுகளைப் பின்னால் யாராலும் பயன்படுத்த முடிவதில்லை. 'நோய்த்தடம் இல்லை' என்பதும் 'அந்த எலும்பே இல்லை' என்பதும் வேறு வேறு செய்திகள்.

பாலினத்தையும் வயதையும் இதே கட்டத்தில் மதிப்பிட்டுவிடுங்கள். பாலினத்துக்கு இடுப்பெலும்பே முதன்மை, மண்டையோடு அடுத்தது. குழந்தைகளின் வயதுக்குப் பல் வளர்ச்சி மிக நெருக்கமான மதிப்பைத் தரும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் முன் இணைப்புப் பரப்பையும் காது வடிவ மூட்டுப் பரப்பையும் பார்த்து ஓர் அகலமான வரம்பைத்தான் தரமுடியும். நோயறிதலுக்கு இந்த விவரம் அவசியம். எலும்புப் புற்று பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் வரும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று முதுமையில் மிகுதி.

முதல் சந்தேகம் மண்ணின் மேல்

ஒரு தடத்தைக் கண்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி 'இது என்ன நோய்' என்பதல்ல, 'இது உயிரோடு இருந்தபோது நடந்ததா' என்பது. வேர்கள் எலும்பின் பரப்பைக் கிளைத்துச் செல்லும் வாய்க்கால்களாக அரிக்கும். எலி, அணில் போன்றவை இணை இணையான தட்டைப் பள்ளங்களைப் பல்லால் பதிக்கும். வண்டும் கறையானும் வட்டத் துளையிடும். புற்றுநோய்த் துளையோடு இதை மிக எளிதாகக் குழப்பிக்கொள்ளலாம். அமில மண் புறணியைத் தின்று உள்ளிருக்கும் பஞ்சு எலும்பை வெளிக்காட்டும்.

பிரித்தறிய மூன்று அளவுகோல்கள் உண்டு. முதலாவது நிறம்: தோண்டும்போது ஏற்பட்ட உடைவு உள்ளே வெளிறியிருக்கும், பழைய பரப்பு மண்நிறம் ஏறியிருக்கும். ஆனால் புதைந்த சில ஆண்டுகளிலேயே உடைந்ததும் மண்நிறம் ஏறித்தான் இருக்கும், ஆகவே நிறம் மட்டும் போதாது. இரண்டாவது விளிம்பு: உயிருள்ள எலும்பில் உண்டான குழியின் ஓரம் மழுங்கி, வழுவழுப்பாகி, சில இடங்களில் தடித்திருக்கும். இறந்தபின் வந்த ஓட்டையின் ஓரத்தில் பஞ்சு எலும்பின் நுண்தகடுகள் ஒடிந்து கூராக நிற்கும். மூன்றாவது சுற்றுப்புறம்: மேற்பரப்பில் புது எலும்பு ஒரு துளிகூட உருவாகியிருந்தால் அது உயிரின் வேலை, மண்ணால் எலும்பை வளர்க்க முடியாது. கரைப்பு மட்டும் இருக்கும் இடங்களில்தான் தவறு நேர்கிறது.

இயல்பான வேறுபாடுகளும் ஏமாற்றும். நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியில் சிலருக்குப் பிறவியிலேயே வட்டத் துளை இருக்கும். குண்டு பாய்ந்தது என்று அதைத் தவறாக எண்ணியவர்கள் உண்டு. முழங்கைக்கு மேலே மேற்கை எலும்பில் துளை, நெற்றியின் நடுவே மூடாத தையல் (எலும்புகள் சேரும் கோடு), மண்டையோட்டுத் தையல்களுக்கு இடையே சிறு எலும்புகள் எல்லாமே நோயற்றவை. பச்சிளங்குழந்தைகளின் நீண்ட எலும்புகளில் வளர்ச்சியின் பகுதியாகவே நுண்துளைகள் நிறைந்த புது எலும்பு படியும். அது இருபுறமும் ஒரே மாதிரி, மெல்லிய ஒற்றைப் படலமாக இருந்தால் தொற்று என்று எழுதாதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் அதே வயதுள்ள நல்ல எலும்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல கருவி இல்லை.

பெயர் வைக்காமல் விவரியுங்கள்

தேவையானவை எளியவை: 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய விளக்கு, காலிப்பர், அளவுகோல் வைத்து எடுத்த புகைப்படம். தலைக்கு மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் மெல்லிய படலங்கள் தெரியவே தெரியாது. விளக்கைப் பரப்புக்கு ஏறக்குறைய இணையாகத் தாழ்த்துங்கள்.

ஒவ்வொரு தடத்துக்கும் எழுத வேண்டியவை: எந்த எலும்பு, வலமா இடமா, எந்தப் பரப்பு, அருகிலுள்ள அடையாளப் புள்ளியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், நீளம் அகலம் ஆழம், விளிம்பு கூரா மழுங்கலா, அடித்தளம் வழுவழுப்பா சொரசொரப்பா, வளர்ச்சியா கரைப்பா இரண்டுமா. உங்கள் விவரிப்பைப் படிக்கும் மற்றொருவர் எலும்பைப் பார்க்காமலே படம் வரைய முடிய வேண்டும். 'தொற்று', 'வீக்கம்', 'அழற்சி' போன்ற சொற்கள் இந்தப் பக்கத்தில் வரக்கூடாது. அவை முடிவுகள், விவரிப்புக்குள் நுழைந்துவிட்டால் பிறகு வெளியேற்றுவது கடினம்.

புது எலும்பைக் கண்டால் அதன் முதிர்ச்சியைக் கட்டாயம் குறியுங்கள். அவசரமாக உருவான பின்னல் எலும்பு சாம்பல் நிறத்தில், நார்கள் ஒழுங்கின்றி, உறைந்த நுரையைப்போல் அடியிலுள்ள புறணிமேல் ஒட்டவைத்தாற்போல் தெரியும். அது இருந்தால் இறக்கும் வேளையில் நோய் நடந்துகொண்டிருந்தது என்று பொருள். காலப்போக்கில் அது அடுக்கு எலும்பாக மாறும்: அடர்த்தியாக, கோடுகளோடு, சுற்றியுள்ள புறணியின் நிறத்திலேயே கலந்துவிடும். அப்படியானால் அந்த மனிதர் நோயைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். ஒரே இடத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் நோய் தணிந்து மீண்டும் தலைதூக்கியது தெரியும். என் பார்வையில் எலும்பு தரும் செய்திகளில் மிக மதிப்புடையது இதுதான். நோயின் பெயர் தெரியாவிட்டாலும் இது நிற்கும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது தசை இல்லாத காய்ந்த எலும்பு என்பதால் உயிருள்ளவர்களுக்கு வைப்பதைவிடக் குறைந்த கிலோவோல்ட் போதும். எலும்புக்குள் புகுந்த மண் படத்தில் வெண்மையாகத் தெரிந்து எலும்பு இறுகியதுபோல் காட்டும். முடிந்தவரை தட்டி வெளியேற்றிவிட்டு எடுங்கள், முடியாவிட்டால் இரு கோணங்களில் எடுங்கள். தாது 30 முதல் 50 சதவீதம் குறைந்த பிறகுதான் கரைப்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் என்பார்கள். எனவே கண் கண்டதை எக்ஸ்ரே காட்டவில்லை என்பதற்காக அழித்துவிடாதீர்கள். மறுபுறம், மஜ்ஜைக்குள் வளர்ந்த புற்று வெளியே ஒரு தடமும் காட்டாமல் எக்ஸ்ரேயில் மட்டும் தெரியலாம். முடிந்தால் சிடி ஸ்கேன் எடுங்கள்.

பட்டியல் போட்டு விலக்குங்கள்

விவரிப்பு முடிந்ததும் ஒரு கட்டம் வரையுங்கள். இடப்பக்கம் எலும்புகள், மேலே அந்தத் தடங்களை உண்டாக்கக்கூடிய எல்லா நோய்களும். ஒவ்வொரு கட்டத்திலும் 'எதிர்பார்ப்பு உண்டு, தடமும் உண்டு', 'எதிர்பார்ப்பு உண்டு, தடம் இல்லை', 'எலும்பே இல்லை' என்ற மூன்றில் ஒன்று. குறைந்தது நான்கைந்து நோய்களோடு தொடங்குங்கள். மனத்துக்குப் பிடித்த ஒன்று எப்போதும் முந்திக்கொண்டு நிற்கும். அதற்கு எதிரான சான்றை முதலில் தேடுவது நல்ல பழக்கம்.

காசநோய்

சிகிச்சை இல்லாத காலத்தில்கூடக் காசநோயாளிகளில் ஏறத்தாழ 3 முதல் 5 சதவீதம் பேருக்குத்தான் எலும்பு பாதிக்கப்பட்டது. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதுகெலும்பில். கீழ் மார்பு முள்ளெலும்புகள், மேல் இடுப்பு முள்ளெலும்புகள் ஆகியவற்றின் முன்பக்க உடல் கரைந்து குழிவிழும். பின்புற வளைவுகள் பெரும்பாலும் தப்பிக்கும். முன்புறம் தாங்கமுடியாமல் சரியும்போது முதுகு கூராகக் கூன்விழும். புது எலும்பு மிகக் குறைவு, இதுதான் திறவுகோல்.

இதோடு குழம்பக்கூடியவை பல. கால்நடைகளிடமிருந்து வரும் புருசெல்லா தொற்று இடுப்பு முள்ளெலும்பின் முன் மேல்மூலையைத் தின்னும், ஆனால் கரைப்பைச் சுற்றி எலும்பு இறுகி, கிளிமூக்குப்போல் வளர்ச்சி நீட்டும். எலும்புத் தேய்வால் நசுங்கிய முள்ளெலும்பும் முன்புறம் ஆப்புபோல் குறுகும், ஆனால் அதன் மேற்பரப்பு உடையாமல் மூடியே இருக்கும், குழி இருக்காது. பரவிய புற்று வளைவையும் விடாது. விலா, இடுப்பெலும்பு, மண்டையோடு என்று சிதறியும் இருக்கும். குருத்தெலும்புத் தட்டு அழுந்தியதால் முள்ளெலும்பின் மேல், கீழ்ப் பரப்புகளில் வரும் பள்ளத்தைக் காசநோய்க் குழியாக எண்ணிவிடுவதும் புதியவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.

விலா எலும்பின் நுரையீரலை நோக்கிய பக்கத்தில் படிந்த புது எலும்பு தனி எச்சரிக்கைக்கு உரியது. இறப்புக்காரணம் பதிவான 20ஆம் நூற்றாண்டு எலும்புத் தொகுப்புகளில், காசநோயால் இறந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் வேறு காரணங்களால் இறந்தவர்களிடமும் இருந்தது. எனவே இது 'மார்பறையில் நீடித்த நோய்' என்பதற்கான சான்று, அவ்வளவே. முதுகெலும்பிலும் தடம் இருந்து, இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ ஒருபக்கம் மட்டும் அழிந்திருந்தால் காசநோய் என்ற வாதம் வலுப்பெறும்.

தொழுநோயும் சிபிலிஸ் குடும்பமும்

டென்மார்க்கில் நெஸ்ட்வெட் நகரின் இடைக்காலத் தொழுநோய் மருத்துவமனைக் கல்லறையைத் தோண்டிய மருத்துவர் வில்ஹெல்ம் மோலர் கிறிஸ்டென்சன்தான் இந்நோயின் முகத்தடங்களை ஒழுங்காக வகுத்தவர். மூக்குத் துளையின் அடியில் நடுவே நீட்டி நிற்கும் மூக்கு முள் தேய்ந்து மறையும். துளையின் ஓரங்கள் கூர்மை இழந்து உருண்டு விரியும். மேல்தாடையில் முன்பற்கள் பதிந்த எலும்பு பின்வாங்கி வெட்டுப்பற்கள் தளர்ந்து விழும். அண்ணத்தில் நுண்குழிகள் தோன்றும். கரைப்பின் ஓரங்கள் மெல்லிய புறணியால் மூடப்பட்டு வழுவழுப்பாக இருப்பது அவசியம். மூக்கு முள் ஒரு தீக்குச்சிபோல் ஒடியும் எலும்பு. புதைகுழியிலேயே உடைந்துபோவது சாதாரணம். உடைந்த முகத்தைத் தொழுநோய் முகமாக எழுதும் தவறு இங்கேதான் நடக்கிறது.

கைகால்களில் நரம்பு செத்ததன் விளைவுகள் தெரியும். கால்விரல்களின் அடியெலும்புகள் சுற்றளவில் மெலிந்து சீவிய பென்சில்போல் கூம்பும். விரல் நுனிகள் கரைந்துபோகும். கையில் மடங்கிய விரல்களின் அழுத்தத்தால் விரலெலும்பின் உள்ளங்கைப் பக்கத்தில் பள்ளம் விழும். உணர்ச்சியற்ற பாதத்துப் புண்ணிலிருந்து ஏறிய தொற்றால் கீழ்க்காலின் டிபியா, ஃபிபுலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் புது எலும்பு படியும். முகமும் பாதமும் ஒன்றாகக் காட்டினால் நோயறிதல் உறுதியாகும். பாதம் மட்டும் என்றால் சர்க்கரை நோயையும் நினைக்க வேண்டும், கீழ்க்காலில் தொற்று மட்டும் என்றால் இன்னும் பத்து காரணங்கள் உண்டு. ராஜஸ்தானின் பாலாத்தலில் கிடைத்த ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டை 2009இல் தொழுநோயாக அறிவித்தபோதும், முகத்தில் கண்ட இந்தச் சிதைவுகளே வாதத்தின் நடுநாயகம்.

சிபிலிஸும் மூக்கைத் தின்னும். ஆனால் அதன் கையொப்பம் மண்டையோட்டின் வெளிப்பரப்பில் இருக்கும்: கரைப்பு, ஆறல், மீண்டும் கரைப்பு என்ற சுழற்சியால் குழிகளும் நட்சத்திரத் தழும்புகளும் நிறைந்து, புழு தின்ற மரம்போல் மாறிவிடும். டிபியாவின் முன்பக்கம் எலும்பு ஏறி வாள்போல் வளைந்து தெரியும். இதே கிருமிக் குடும்பத்தின் யாஸும் பெஜெலும் இதே எலும்பு மாற்றங்களைத் தருவதால், பெரியவரின் எலும்பை மட்டும் வைத்து மூன்றையும் பிரிக்க முடியாது. அந்தக் கிருமிக் குடும்பத்தின் பெயரால் 'ட்ரெபோனிமா நோய்' என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. பிறவி சிபிலிஸ் விட்டுச்செல்லும் பல் வடிவங்கள், அதாவது விளிம்பில் பிளவுபட்டுக் குறுகிய மேல் வெட்டுப்பற்களும் முசுக்கொட்டைப்பழம்போல் முடிச்சிட்ட முதல் கடைவாய்ப்பல்லும், கிடைத்தால் அப்போது பெயர் சொல்லலாம்.

குழந்தைகளின் எலும்பு: ஸ்கர்வி, ரிக்கெட்ஸ், இரத்தசோகை

ஸ்கர்வியில் வைட்டமின் சி இல்லாமல் இரத்தநாளங்கள் பலவீனமாகி, தசை இழுக்கும் இடங்களில் குருதி கசியும். மெல்லும் தசை ஒட்டியிருக்கும் ஸ்பீனாய்டு எலும்பின் பெரிய இறக்கையில், நெற்றிப்பொட்டுப் பக்கம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள நுண்துளைகள் புறணியைத் துளைத்துச் செல்வதைப் பாருங்கள். இருபுறமும் இருக்க வேண்டும். ஆர்ட்னரும் எரிக்சனும் 1997இல் இதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் பழைய தொகுப்புகளில் ஸ்கர்வி தென்படத் தொடங்கியது. கீழ்த்தாடைக் கிளையின் உட்பக்கம், அண்ணம், கண்குழிக் கூரை, தோள்பட்டை எலும்பின் மேற்குழி ஆகியவற்றையும் தேடுங்கள்.

இங்கே ஒரு முரணை மறக்கக்கூடாது. எலும்பு உருவாகவே வைட்டமின் சி வேண்டும். நோய் உச்சத்தில் இருக்கும் குழந்தையின் எலும்பில் புது எலும்பு பெரிதாக வளராது. சிறிதளவு வைட்டமின் மீண்டும் கிடைத்தபின்தான் கசிந்த குருதியைச் சுற்றி எலும்பு படியும். ஆகவே நாம் பார்க்கும் தெளிவான தடம் பெரும்பாலும் தேறத் தொடங்கிய குழந்தையுடையது.

ரிக்கெட்ஸில் விலா நுனிகளும் மணிக்கட்டுப் பக்க எலும்புமுனைகளும் கிண்ணம்போல் விரிந்து, வளர்தட்டை ஒட்டிய பரப்பு கடற்பஞ்சுபோல் சொரசொரக்கும். கால் எலும்புகள் வளைந்திருந்தால் நடந்த குழந்தை. கை எலும்புகளும் வளைந்திருந்தால் தவழ்ந்த பருவத்திலேயே நோய் வந்திருக்கலாம். மண்ணின் எடையாலும் எலும்பு வளையும் என்பதால், முனைகளில் மாற்றமில்லாத வெறும் வளைவை நம்பாதீர்கள்.

கண்குழிக் கூரையில் சல்லடைத் துளைகளைக் கண்டவுடன் 'இரும்புச்சத்துக் குறைவு' என்று எழுதும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. இரும்பே இல்லாத உடல் மஜ்ஜையை இவ்வளவு பெருக்க முடியாது என்று 2009இல் வாக்கரும் உடனாய்வாளர்களும் மறுத்து, சிவப்பணு சிதையும் இரத்தசோகைகளையும் பி12 குறைவையும் முன்வைத்தனர். விவாதம் ஓயவில்லை. நடைமுறையில் செய்ய வேண்டியது, துளை எப்படி வந்தது என்று பார்ப்பது. மஜ்ஜை பெருகியதால் வந்தது என்றால் வெளித்தகடு மெலிந்து உள்ளே பஞ்சு அடுக்கு தடித்திருக்கும். உடைந்த ஓரத்திலோ சிடி ஸ்கேனிலோ இது தெரியும். குருதிக் கசிவால் வந்தது என்றால் பழைய பரப்பின்மேல் புது எலும்பு படிந்து அதில் துளைகள் இருக்கும். முதலாவது இரத்தசோகையின் திசையில், இரண்டாவது ஸ்கர்வியின் திசையில்.

பல் எனாமலில் குறுக்கே ஓடும் பள்ளக் கோடுகள் குழந்தைப்பருவத்தில் வளர்ச்சி நின்று தொடர்ந்ததைக் காட்டும். எனாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாததால் 60 வயதுக்காரரின் பல்லிலும் 3 வயதுத் துன்பம் அழியாமல் நிற்கும். விரல்நகத்தை மெல்ல ஓட்டினால் கோடு தட்டுப்படும். எந்த நோய் என்று மட்டும் கோடு சொல்லாது.

மூட்டும் முறிவும்

மூட்டுத் தேய்வு மிகப் பரவலானது, விதியும் தெளிவானது. எலும்போடு எலும்பு உரசிப் பளிங்குபோல் மெருகேறிய பரப்பு இருந்தால் அது ஒன்றே போதும். இல்லையென்றால் ஓர வளர்ச்சி, பரப்பில் புது எலும்பு, குழிகள், மூட்டின் வடிவமாற்றம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். ஓர வளர்ச்சி மட்டும் வயதால் வருவது. மார்பு முள்ளெலும்புகளின் வலப்பக்கத்தில் மெழுகு வழிந்ததுபோல் எலும்பு இறங்கி குறைந்தது நான்கு ஒட்டிப்போயிருந்து, இடைத்தட்டு இடைவெளிகள் கெடாமல் இருந்தால் அது டிஷ் (DISH) எனப்படும், முதுகுத் தசைநார்கள் எலும்பாகும் தனி நிலை. இடப்பக்கம் பெருந்தமனி துடிப்பதால் அங்கே எலும்பு வளர்வது தடைபடுகிறது என்பார்கள். கால் பெருவிரல் மூட்டின் ஓரத்தில் கரண்டியால் அள்ளியதுபோல் குழியும் அதன்மேல் கூரைபோல் நீட்டிய விளிம்பும் இருந்தால் கவுட் (gout) என்ற மூட்டுநோயை நினையுங்கள்.

முறிவில் தேட வேண்டியது காலம். ஓரம் மழுங்கி எலும்பு படியத் தொடங்கியிருந்தால் அடிபட்டபின் குறைந்தது ஓரிரு வாரம் வாழ்ந்தவர். ஓரம் கூர்மையாக, வழுவழுப்பாக, சாய்வாக வெட்டி, உடைந்த பரப்பும் மேற்பரப்பும் ஒரே நிறத்தில் இருந்தால் எலும்பில் ஈரம் இருந்த காலத்தில், அதாவது இறப்பை ஒட்டி, உடைந்தது. சொரசொரப்பாகச் செங்கோணத்தில் உடைந்திருந்தால் காய்ந்த எலும்பு. இறப்பை ஒட்டிய முறிவு இறப்புக்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஈரப்பதம் இறந்த பின்னும் நெடுநாள் நீடிக்கும்.

கிருமியின் மரபணு

பிளேக் சில நாட்களில் கொன்றுவிடும், எலும்புக்கு எதிர்வினை காட்ட நேரமே கிடைக்காது. அத்தகைய நோய்களுக்கு மரபணுதான் வழி. லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு கல்லறையில் 1348 முதல் 1350 வரை புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து பிளேக் கிருமியின் மரபணுத்தொகுப்பு 2011இல் வெளியானது. இரத்தத்தில் சுற்றிய கிருமிக்குப் பல்லின் உட்கூழ் இருந்த அறையே நல்ல இடம். மனித மரபணுவுக்குச் சிறந்ததாகக் கருதப்படும் காதை ஒட்டிய கெட்டி எலும்பு கிருமிக்கு உதவுவது குறைவு. தொழுநோய்க் கிருமியின் மெழுகு உறை அதன் மரபணுவை நன்றாகக் காக்கிறது.

மாதிரி எடுப்பவர் கையுறை, முகமூடி, மேலங்கி அணிந்து, எலும்பைக் கழுவுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். துளையிடுவதற்கு முன் புகைப்படம், அளவு, முடிந்தால் சிடி ஸ்கேன். நோய்த்தடத்தையே வெட்டி எடுத்துவிட்டால் அடுத்து வருபவர் எதையும் சரிபார்க்க முடியாது. சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. மரபணு சிதைந்திருக்கலாம்.

எழுதும் முறையும் எண்ணும் முறையும்

சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்த உருவான இஸ்தான்புல் நெறிமுறையின் படிநிலைச் சொற்களைத் தொல்நோயியலுக்கு எடுத்துக்கொள்வது பயனுள்ளது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, நன்கு பொருந்துகிறது, இயல்பான தோற்றம், உறுதி. 'பொருந்துகிறது' என்றால் வேறு பல காரணங்களும் இருக்கலாம் என்று பொருள். 'உறுதி' என்பதை வேறு எதுவும் இதை உண்டாக்க முடியாது என்ற நிலைக்கு மட்டும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எழுதினாலே அதிகம்.

ஒரு கல்லறையின் நோய் அளவைச் சொல்லும்போது பகுதி எண்ணை, அதாவது எத்தனை பேரில் என்பதைக் கவனியுங்கள். 100 எலும்புக்கூடுகளில் 40க்கு மட்டும் கண்குழிக் கூரை மிஞ்சியிருக்கிறது, அவற்றில் 12இல் துளைகள் என்று வைத்துக்கொள்வோம். 100க்கு 12 என்று எழுதினால் 12 சதவீதம். பார்க்க முடிந்த 40க்குக் கணக்கிட்டால் 30 சதவீதம். இரண்டையும் தாருங்கள், எது எது என்று குறிப்பிட்டு.

அந்த 30 சதவீதமும் ஊரில் வாழ்ந்தவர்களின் நிலையைக் காட்டாது. கல்லறையில் இருப்பவர்கள் ஒவ்வொரு வயதிலும் தப்பாமல் இறந்தவர்கள். 1992இல் உட், மில்னர், ஹார்பெண்டிங், வைஸ் ஆகியோர் இதை விரித்துச் சொன்னார்கள்: தடம் உருவாக நாளாகும், அதுவரை தாங்கியவருக்குத்தான் தடம் வரும். தடமே இல்லாத எலும்பு நல்ல உடல்நலமுள்ளவருடையதாக இருக்கலாம், முதல் வாரத்திலேயே நோய்க்கு இரையானவருடையதாகவும் இருக்கலாம். எனவே தடத்தை வயதோடும், அது நடந்துகொண்டிருந்ததா ஆறியதா என்ற குறிப்போடும் சேர்த்தே அட்டவணையிடுங்கள். ஆறிய தடமுள்ளவர்கள் முதிய வயதுகளிலும் ஆறாதவர்கள் இளம் வயதுகளிலும் குவிந்தால் அந்த நோய் உண்மையில் கொன்றிருக்கிறது என்று சொல்லத் துணியலாம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு எலும்பையும் அமிலமற்ற தாளில் சுற்றி, நோய்த்தடமுள்ள பகுதி மேல்நோக்கி இருக்கும்படி பெட்டியில் வையுங்கள். எங்கே, எவ்வளவு மில்லிகிராம் மாதிரி வெட்டப்பட்டது, எந்தச் சோதனைக்கு, என்ன தேதியில் என்ற சீட்டு அந்த எலும்போடேயே இருக்கட்டும். சந்ததியினர் என்று உரிமை கோரும் சமூகம் இருந்தால் மாதிரி வெட்டுவதற்கு முன்பே அவர்கள் சம்மதத்தைப் பெற்று, அந்தச் சம்மதத்தின் நகலையும் அதே பெட்டியில் வையுங்கள்.